பத்தாம் பாகம் செய்த பாவம்

2003 ஜனவரியில் ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' என்ற மாயாஜால நாவல் தொடரில் பத்தாவது புத்தகம் வந்தது. பெயர் 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்'. வந்த வேகத்தில் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, அதே வேகத்தில் தொடரிலேயே அதிகம் திட்டு வாங்கிய புத்தகம் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. இருபது வருடம் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. புதிதாகத் தொடரை எடுப்பவர்களிடம் பழைய வாசகர்கள் முதலில் சொல்லும் எச்சரிக்கையே, "பத்தாவது வரைக்கும் தாக்குப் பிடி, அதைத் தாண்டிவிட்டால் பிழைத்தாய்" என்பதுதான்.

அந்தத் திட்டில் எவ்வளவு புத்தகத்துக்குச் சேர வேண்டியது, எவ்வளவு நாட்காட்டிக்குச் சேர வேண்டியது என்பது எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் கேள்வி. இதைப் பேசினால் கதையையும் கொஞ்சம் உடைத்தாக வேண்டும். படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஜோர்டன் என்பது புனைபெயர், இயற்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. அமெரிக்காவில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துக்காரர். முதல் புத்தகம் 1990 ஜனவரியில் வந்தது. ஆறாவது 1994 அக்டோபரில் வந்துவிட்டது. அதாவது ஐந்து வருடம் முடிவதற்குள் ஆறு தடிமனான புத்தகங்கள், ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு பெரிய மோதல். வாசகர்களுக்கு அது பழகிவிட்டது. அப்புறம் இடைவெளி நீள ஆரம்பித்தது. ஏழாவது 1996, எட்டாவது 1998, ஒன்பதாவது 2000. முழுத் தொடரும் பதினான்கு புத்தகம், முன்கதை ஒன்று தனி. சுமார் 44 லட்சம் சொற்கள். பெயர் சொல்லப்பட்ட பாத்திரங்கள் மட்டுமே இரண்டாயிரத்தைத் தாண்டும். தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்குத் 'தொடரும்' என்ற சொல் அடுத்த வாரத்தைக் குறிக்கும். இங்கே அது இரண்டு மூன்று வருடத்தைக் குறித்தது.

எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றையும் சேர்த்து ஆங்கில வாசகர்கள் 'தி ஸ்லாக்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முழங்கால் அளவு சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடக்கிறோமே, அந்த நடை. சிலர் ஏழாவதையும் இதில் சேர்ப்பார்கள். எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் சண்டை உண்டு, எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

இதற்கு உடனே எல்லோரும் சொல்லும் காரணம் நீளம். "வளவளவென்று எழுதிவிட்டார், வெட்ட ஆள் இல்லை." இது எனக்குச் சரியாகப் படவில்லை. தொடரில் மிக அதிகம் பேருக்குப் பிடித்த புத்தகங்களில் ஒன்று நான்காவது, 'தி ஷேடோ ரைசிங்'. அது பத்தாவதைவிட ஒரு லட்சம் சொல்லுக்கு மேல் பெரியது. பதினான்கில் மிகச் சிறியது எது என்று பார்த்தால் எட்டாவது, அதுவும் இந்தச் சேற்றுக்குள்தான் கிடக்கிறது. வெட்ட ஆள் இல்லை என்பதும் அரைகுறைப் பேச்சு. அவருடைய எடிட்டர் ஹேரியட் மெக்டூகல், அவர் மனைவியும்கூட. மனைவி என்பதால் கத்தரியை எடுக்கவில்லை என்று ஒரு வதந்திபோல இது சுற்றிக்கொண்டிருக்கிறது. நான்காவதை எடிட் செய்ததும் அவர்தான், அப்போதும் அவர் மனைவிதான். ஆக, பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது.

அது எங்கே என்று புரிய, ஒன்பதாவது எப்படி முடிந்தது என்று தெரிய வேண்டும். இந்த உலகத்தில் மந்திர சக்திக்கு ஆண் பாதி, பெண் பாதி என்று இரண்டு உண்டு. ஆண் பாதியில் மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரு நஞ்சு கலந்திருக்கிறது. அதைத் தொட்ட ஆண் எவனும் கடைசியில் பைத்தியம் பிடித்துச் சாவான். நாயகன் ராண்டுக்கும் அதே விதிதான் காத்திருக்கிறது, முதல் புத்தகத்திலிருந்து நம் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருப்பதும் அதுதான். ஒன்பதாவதின் கடைசி அத்தியாயத்தில் ராண்டும் அவன் ஊர்க்காரி நைனீவும் சேர்ந்து அந்த நஞ்சைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். எதிரிகள் சுற்றி வந்து தாக்குகிறார்கள், ஒரு பாழடைந்த நகரமே இருந்த இடம் தெரியாமல் போகிறது. புத்தகம் முடிந்தது. 2000 நவம்பர்.

இருபத்தாறு மாதம் கழித்துப் பத்தாவது வருகிறது. வாசகர் என்ன எதிர்பார்ப்பார்? உலகமே மாறிவிட்டது, இனி என்ன ஆகும்? புத்தகத்தைத் திறந்தால், கதை அந்த நாளுக்கு முன்னால் போய் நிற்கிறது. அந்த நேரத்தில் ராண்டின் கூட்டாளிகள் எங்கே இருந்தார்கள் என்று சொல்ல ஆரம்பிக்கிறார். மேட் எங்கே இருந்தான், பெர்ரின் எங்கே இருந்தான், எலெய்ன் என்ன செய்துகொண்டிருந்தாள், எக்வீன் கூடாரத்தில் என்ன நடந்தது. ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் கதையைப் பின்னாலிருந்து நகர்த்திக்கொண்டு வருகிறார். சக்தியை உணரக்கூடியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் தலையைத் திருப்பித் தொலைதூரத்தில் ஒரு பெருந்தீ எரிவதுபோல எதையோ உணர்கிறார்கள். "என்னவாக இருக்கும்?" என்று கவலைப்படுகிறார்கள். நமக்குத் தெரியும் என்னவென்று. இரண்டு வருடமாகத் தெரியும். பக்கத்துத் தெருவில் வெடித்த வெடியை, ஐந்து வீட்டு ஜன்னல் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் பார்க்கிற மாதிரி.

யோசனையாகப் பார்த்தால் இது மோசமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெரிய நிகழ்வை அதன் நடுவில் நின்று காட்டியாயிற்று, இப்போது அதன் அளவை உலகத்தின் மூலைகளில் நின்று காட்டலாம் என்று ஒரு எழுத்தாளர் நினைத்தால் அதில் தப்பில்லை. ஓர் அத்தியாயத்தில் செய்திருந்தால் எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள். ஒரு புத்தகத்தின் எலும்புக்கூடாகவே அதை வைத்ததுதான் வினையாகிவிட்டது. ஜோர்டனே பின்னாளில், காலத்தைப் பின்னுக்கு இழுத்து எழுதிய அந்த அமைப்பு தான் நினைத்த அளவுக்கு எடுபடவில்லை என்று ஒத்துக்கொண்டார். விற்பனையில் முதலிடம் பிடித்த ஒரு எழுத்தாளர் அப்படிச் சொல்வது சாதாரண விஷயமில்லை.

சரி, வாசகர்கள் என்னென்ன சொன்னார்கள்? "ஒன்றுமே நடக்கவில்லை" என்பது முதல் புகார், மற்றவை எல்லாம் அதன் கிளைகள். முப்பது அத்தியாயத்தில் ராண்டுக்கு ஒன்றிரண்டுதான் என்பது ஒரு கிளை. நாயகனே இல்லாத புத்தகமா என்று கேட்டார்கள். எலெய்ன் குளிக்கிறாள், குளித்துக்கொண்டே அரியணை அரசியல் பேசுகிறாள். அந்தக் குளியல் வாசகர்கள் நடுவில் ஒரு பழமொழி அளவுக்குப் போய்விட்டது. உடைகளின் பூவேலை, தேநீர் ஆறிப்போனது, ஏஸ் செடாய் என்ற மந்திர சக்தி கொண்ட பெண்களின் பெயர்கள் (ஒரு கூட்டத்துக்கு இருபது பேர் வந்தால் இருபது பேருக்கும் பெயர், நிறம், முகபாவம்), பெர்ரின் மனைவியை இழந்துவிட்டு உம்மென்று அலைவது. முன்னுரை அத்தியாயமே ஒரு குறுநாவல் அளவு. எல்லாம் முடிந்து கடைசியில் எக்வீன் எதிரிகளிடம் மாட்டிக்கொள்கிற இடத்தில் புத்தகத்தை நிறுத்திவிட்டார். அடுத்தது வர இன்னும் முப்பத்து மூன்று மாதம் ஆனது.

பெர்ரின் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாட்காட்டியின் வேலை அங்கேதான் பச்சையாகத் தெரிகிறது. அவன் மனைவி ஃபயீலை எதிரிக் கூட்டம் பிடித்துக்கொண்டு போவது எட்டாவது புத்தகத்தின் கடைசியில். 1998 அக்டோபர். அவள் மீட்கப்படுவது பதினொன்றாவதில். 2005 அக்டோபர். கச்சிதமாக ஏழு வருடம். கதைக்குள் அது சில வாரங்களின் கதை. பெர்ரின் ஒரு தோல் கயிற்றில் நாளுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே வருகிறான், அவளைப் பிரிந்த நாட்களை எண்ணுவதற்கு. அழகான விஷயம்தான். ஆனால் அவன் நாட்களை எண்ண, வாசகர் வருடங்களை எண்ணிக்கொண்டிருந்தார். கல்லூரியில் சேர்ந்தபோது ஃபயீல் காணாமல் போய், வேலைக்குச் சேர்ந்து கல்யாணமும் ஆன பிறகு கிடைத்தாள் என்று சொல்லக்கூடிய ஆட்கள் நிஜமாகவே இருந்திருப்பார்கள்.

இங்கேதான் ஒரு சோதனை தானாகவே அமைந்தது. கடைசிப் புத்தகம் 2013 ஜனவரியில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தொடரை எடுத்தவர்களுக்குக் காத்திருப்பு என்பதே கிடையாது. 2021 நவம்பரில் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது (மூன்று பருவத்தோடு 2025-ல் நிறுத்திவிட்டார்கள்) புதிதாக ஒரு பெரிய கூட்டம் வேறு புத்தகங்களுக்கு வந்தது. புத்தகத்தில் எதுவும் மாறவில்லை, காத்திருப்பை மட்டும் எடுத்தாயிற்று. எந்தப் புகார் கரைகிறது, எது நிற்கிறது என்று இப்போது பார்க்கலாம்.

நானும் இந்த இரண்டாவது கூட்டத்தில் வருகிறவன்தான். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று நான்கையும் நடுவில் மூச்சு விடாமல் படித்தேன். பத்தாவதை மூடியபோது எனக்கு வந்தது லேசான ஒரு சோர்வு, அவ்வளவுதான். இதற்கா இத்தனை கூச்சல் என்றுகூட நினைத்தேன். அதே இரவு பதினொன்றாவதைத் திறந்தேன். பத்தாவதில் இழுத்துக் கட்டிய அத்தனை நாணும் அங்கே விடுபடுகிறது. ஃபயீல் மீட்கப்படுகிறாள், மேட்டின் விசித்திரமான கல்யாணம் நடந்து முடிகிறது, எலெய்னுக்கு அரியணை உறுதியாகிறது, பிடிபட்ட எக்வீன் சிறைக்குள்ளிருந்தே ஒரு யுத்தத்தை ஆரம்பிக்கிறாள். பதினொன்றாவது வந்தபோது "பழைய ஜோர்டன் திரும்பிவிட்டார்" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டதாகச் சொல்வார்கள். அவர் எங்கேயும் போகவில்லை, நாணை ஏற்றிக்கொண்டிருந்தார் என்பது என் கட்சி. ஏற்றுவதற்கு மட்டும் ஒரு முழுப் புத்தகத்தையும், வாங்குகிறவரின் முழு விலையையும் எடுத்துக்கொண்டார், அதில் கோபம் வருவது நியாயம்தான்.

ஆக, "ஒன்றுமே நடக்கவில்லை" என்ற புகார் பெருமளவு காத்திருப்பின் பிள்ளை. ராண்ட் இல்லை என்ற புகாரும் அப்படித்தான், அடுத்த நாளே அவன் வந்துவிடுகிறான். முடிவு அந்தரத்தில் நிற்கிறது என்பதைப் புது வாசகர் யாரும் சொல்லிக் கேட்டதாகவே நினைவில்லை.

நிற்கிற புகார்களும் இருக்கின்றன. பெர்ரின் பகுதி ஒரே சுருதியில் போகிறது என்பதை, தொடர்ந்து படிப்பவர்களும் சொல்கிறார்கள். ஏழு வருடம் என்பது போனாலும் நான்கு புத்தகம் என்பது போகவில்லையே. எலெய்னின் அரியணைச் சண்டையில் எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்ள ஒரு தாளும் பேனாவும் வேண்டும், அப்படி நினைவில் வைத்தாலும் முடிவு எப்படி இருக்கும் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. பதைப்பு இல்லாத அரசியலை எத்தனை விவரத்தோடு எழுதினாலும் அது கணக்குப் புத்தகம் மாதிரிதான் இருக்கும். இது காத்திருப்பால் வந்த குறை கிடையாது, எழுத்திலேயே இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, நான் எதிர்பார்க்காதது. சில புகார்கள் தொடர்ந்து படிக்கும்போது அதிகமாகின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புத்தகம் எழுதுகிறவர், வாசகர் பாதியை மறந்திருப்பார் என்று தெரிந்து எழுத வேண்டும். யார் யாருக்கு என்ன உறவு, எந்தச் சத்தியம் எதற்குச் செய்யப்பட்டது என்று திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டும். 2003-ல் படித்தவருக்கு அது கைத்தடி, போன செவ்வாய்க்கிழமைதான் முந்தைய புத்தகத்தை முடித்தவருக்கு அது தலைவலி. நைனீவ் கோபம் வந்தால் பின்னலைப் பிடித்து இழுப்பாள். பாவாடையைத் தட்டிச் சரிசெய்வது, மூக்கை உறிஞ்சிக் காட்டுவது, கையைக் கட்டிக்கொண்டு முறைப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் பழைய சிநேகிதி ஒருத்தியின் பழக்கம்போல இருக்கும், ஒரே மாதத்தில் நானூறு முறை பார்த்தால் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஒலிநூலாகக் கேட்பவர்கள் இதை இன்னும் அதிகமாகச் சொல்கிறார்கள். மைக்கேல் கிராமரும் கேட் ரீடிங்கும் வாசித்த ஒலிநூல்களில் இந்த ஒரு புத்தகம் மட்டுமே ஒரு முழு நாளைத் தாண்டி ஓடும், கண்ணால் தாவிப் போகிற வசதி காதுக்குக் கிடையாது. ஆக, காத்திருந்தவர் ஒரு குறையைப் பெரிதாகப் பார்த்தார், காத்திருக்காதவர் வேறொன்றைப் பெரிதாகப் பார்க்கிறார்.

வாசகர் கருத்து என்று பேசும்போது, பேசுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். பத்தாவது புத்தகத்துக்கு நட்சத்திரம் போடுகிறவர் ஒன்பது புத்தகம் படித்து வந்தவர். பிடிக்காதவர் எல்லாம் முதல், இரண்டாம் புத்தகத்திலேயே இறங்கிப் போய்விட்டார். இதனால் நீண்ட தொடர்களில் பொதுவாகப் பின்னால் போகப் போக மதிப்பெண் ஏறும், புத்தகம் மேம்பட்டதால் என்று சொல்ல முடியாது. வகுப்பில் ஆர்வம் இல்லாதவர்கள் எழுந்து போன பிறகு மீதி இருப்பவர்களின் சராசரி கூடுவது போலத்தான். அப்படி ஏற வேண்டிய இடத்தில், வாசகர்கள் மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் தொடரின் பள்ளமாகப் பத்தாவது நிற்கிறது. ரசிகர்களே, ஒன்பது புத்தகத்தின் பாசத்தையும் மீறி இறக்கிப் போட்ட மதிப்பெண் அது. அதனால்தான் "சும்மா பொறுமை இல்லாதவர்கள் திட்டுகிறார்கள்" என்று ஒதுக்கவும் முடியவில்லை.

அடித்தளத்தில் இருக்கும் சிக்கல் ஒரு சாதாரணக் கணக்கு. முதல் புத்தகத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே ஊரிலிருந்து கிளம்புகிறார்கள். பத்தாவதுக்கு வரும்போது ஐந்தாறு பேர் ஐந்தாறு திசையில், ஒவ்வொருவருக்கும் தனிப் படை, தனி எதிரி, தனி ஆலோசகர் கூட்டம். முப்பது அத்தியாயத்தை ஆறால் வகுத்தால் ஆளுக்கு ஐந்து. ஐந்து அத்தியாயத்தில் ஒரு கதை ஓர் அடிதான் நகரும். இதற்கு ஒரே மாற்று, சிலரை முழுதாக விட்டுவிடுவது. ஜோர்டன் அதையும் செய்து பார்த்தவர்தான். ஐந்தாவதில் பெர்ரின் கிடையாது. ஏழாவதின் கடைசியில் மேட் மேல் சுவர் இடிந்து விழுகிறது, எட்டாவதில் அவனைப் பற்றி மூச்சே இல்லை, 1996-லிருந்து 2000 வரை அவன் உயிரோடு இருக்கிறானா என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விட்டாலும் திட்டு, எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டினாலும் திட்டு.

அந்த இன்னொரு வழியில் முழுமூச்சாகப் போனவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். பதினொன்றாவது ஜோர்டன் வந்த அதே 2005 இலையுதிர் காலத்தில் அவருடைய தொடரில் ('கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று டிவியில் வந்த கதை) நான்காவது, 'எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்' வந்தது. கதை பெருத்துவிட்டதால் ஆட்களை இடவாரியாகப் பிரித்து, பாதிப் பேரை முழுதாக அடுத்த புத்தகத்துக்குத் தள்ளிவிட்டார். முக்கியப் பாத்திரங்களில் டிரியன் இல்லை, டெனேரிஸ் இல்லை, ஜான் ஸ்னோ சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். மற்றவர்கள் அடுத்த வருடம் வருவார்கள் என்ற நம்பிக்கையோடு ஒரு குறிப்பையும் கடைசியில் போட்டிருந்தார். அடுத்த புத்தகம் வந்தது 2011 ஜூலையில். டிரியனை 2000-ல் விட்டவர்கள் பதினோரு வருடம் கழித்துப் பார்த்தார்கள்.

2005-ல் அந்தப் புத்தகத்தின் மேல் வந்த முக்கியப் புகார், பிரியென் என்ற பெண் வீரரின் அத்தியாயங்கள். அவள் ஒரு பெண்ணைத் தேடிப் போகிறாள், அந்தப் பெண் அங்கே இல்லை என்பது நமக்குத் தெரியும், பின்னே எதற்கு இந்த நடை? இப்போது அதே அத்தியாயங்களைத்தான் பலர் தொடரின் ஆகச் சிறந்த எழுத்தில் ஒன்றாகச் சொல்கிறார்கள். போர் முடிந்த ஊர்களின் வழியாக ஒரு நடை அது. மெரிபால்ட் என்ற ஊர்சுற்றித் துறவி, படையிலிருந்து உடைந்து ஓடிப்போன சாதாரணச் சிப்பாய்களைப் பற்றிப் பேசுகிற இடத்தைப் படித்துவிட்டு நானும் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். டிரியன் எங்கே என்று பதறிக்கொண்டு படிக்கிறவருக்கு அந்தத் துறவியின் பேச்சு காதில் விழாது. நான்கையும் ஐந்தையும் கலந்து, அத்தியாயங்களைக் காலவரிசையில் அடுக்கிப் படிக்க வாசகர்களே பட்டியல்கள் தயாரித்து வைத்திருக்கிறார்கள், எழுத்தாளர் பிரித்ததை வாசகர்கள் சேர்த்துத் தைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவதான 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இரண்டு பெரிய போர்களுக்கு ஆயிரம் பக்கம் நாணேற்றி, இரண்டும் நடப்பதற்கு முன்னாலேயே புத்தகம் முடிந்துவிடுகிறது. இந்தப் புகாருக்குத் தீர்ப்பு சொல்ல நம்மிடம் ஆறாவது இல்லை. ஜோர்டனின் பத்தாவதுக்குப் பதினொன்றாவது வந்து சாட்சி சொன்னது, அதனால் தண்டனை குறைந்தது. ஐந்தாவது மார்ட்டின் இன்னும் விசாரணைக் கைதியாகவே இருக்கிறது.

எல்லாக் குறையையும் காத்திருப்பின் தலையில் கட்டிவிட முடியாது என்பதற்கும் சமீபத்தில் ஓர் உதாரணம் வந்திருக்கிறது. பிராண்டன் சாண்டர்சனின் 'ஸ்டார்ம்லைட்' வரிசையில் ஐந்தாவதான 'விண்ட் அண்ட் ட்ரூத்', 2024 டிசம்பர். பத்து நாளில் நடக்கிற கதை, ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல். பத்துப் புத்தகத் திட்டத்தில் முதல் பாதியை முடித்து வைக்க வேண்டிய புத்தகம். இதைப் பற்றிய சண்டையில் "ஒன்றும் நடக்கவில்லை" என்பது பெரிதாக வரவே இல்லை, நடப்பதற்குக் குறைவில்லை. வந்த புகார் மொழியைப் பற்றியது. வாளும் கவசமுமாகத் திரியும் ஆட்கள் இன்றைய மனநல ஆலோசனை அறையில் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசுகிறார்கள், உணர்ச்சியைக் காட்டாமல் விளக்கிச் சொல்லிவிடுகிறார்கள் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அந்தப் பேச்சுதான் எங்களைத் தொட்டது, மனச்சோர்வை இவ்வளவு நேராகப் பேசிய காவியக் கதை வேறு எங்கே இருக்கிறது என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே நேர்மையான வாசிப்புதான். என் ஊகம், இந்தப் புகார் காலத்தில் கரையாது. கதையின் வேகம் பற்றிய புகாரை அடுத்த புத்தகம் தீர்த்து வைக்கலாம், வாக்கியத்தின் ஓசை பற்றிய புகாரை எந்த அடுத்த புத்தகமும் தீர்க்காது.

இதே சாண்டர்சன்தான் ஜோர்டனின் தொடரை முடித்து வைத்தவர் என்பது இங்கே விட்டுவிடக் கூடாத விஷயம். ஜோர்டன் தனக்கு அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் இருப்பதாக 2006-ல் அறிவித்தார், 2007 செப்டம்பர் 16 அன்று இறந்துபோனார். பன்னிரண்டாவதோடு முடிப்பதாகச் சொல்லியிருந்தார். ஹேரியட் தேர்ந்தெடுத்தது சாண்டர்சனை, அந்த ஒரு புத்தகம் மூன்றாகப் பிரிந்தது. முதலாவது 2009-ல் வந்தபோது வாசகர்கள் அதை விமர்சித்த விதம் வேறு மாதிரி இருந்தது. மேட் மேட்டாகவே இல்லை, அவன் நகைச்சுவை வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார்கள், சாண்டர்சனும் அதை ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தப் புகாரை மரியாதையோடுதான் சொன்னார்கள். கதை நின்றே போயிருக்கலாம் என்ற பயத்தைப் பார்த்துவிட்டவர்கள் அவர்கள். பத்தாவதைத் திட்டியதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இழுத்தடிக்கிறார் என்று சொல்லப்பட்டவருக்கு உண்மையில் நேரம் அவ்வளவு குறைவாக இருந்திருக்கிறது.

இப்போது புது வாசகர்களுக்குத் தரப்படும் இன்னொரு ஆலோசனை, பத்தாவதைப் படிக்கவே வேண்டாம், சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பதினொன்றுக்குப் போ என்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, காரணம் ஒரே ஓர் அத்தியாயம். பெர்ரின் தொடரின் ஆரம்பப் புத்தகங்களிலிருந்தே ஒரு கோடாரியையும் ஒரு சுத்தியலையும் மனதுக்குள் எடை போட்டுக்கொண்டே வருகிறான். அழிப்பவனா, உருவாக்குபவனா என்று. பத்தாவதில் ஃபயீலைப் பற்றித் தகவல் கறப்பதற்காக ஒரு கைதியின் கையை அந்தக் கோடாரியால் வெட்டுகிறான். வெட்டிவிட்டு, தான் என்ன ஆகிக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்து, கோடாரியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான். உம்மென்று அலைந்தான் என்று திட்டு வாங்கிய நான்கு புத்தகத்தின் அர்த்தமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. சுருக்கத்தில் அது ஒரு வரி, "பெர்ரின் கோடாரியைத் துறக்கிறான்". அந்தச் சலிப்பெல்லாம் நம் உடம்பில் ஏறியிருந்தால்தான், அவன் அவ்வளவு தூரம் போனது எப்படி என்று புரியும். மேட்டும், அவன் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் டுவானும் ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கிற பகுதிகளும் இந்தப் புத்தகத்தில்தான், அதைக் குறை சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

நண்பன் ஒருவனின் அண்ணன், 2003-ல் இந்தப் புத்தகத்தை வெளியான வாரமே வாங்கிப் படித்தவர். கடைசிப் பக்கத்தை முடித்துச் சுவரில் எறிந்ததாக அவரே சொல்வார். அதோடு தொடரை விட்டுவிட்டார். பதினொன்று வந்தது, ஜோர்டன் இறந்தார், சாண்டர்சன் முடித்தார், டிவியில் வந்து போனது, அவர் அசையவில்லை. அவரைப் பொறுத்தவரை எக்வீன் இன்னும் அந்த இருட்டில், துறைமுகச் சங்கிலிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேதான் இருக்கிறாள். போன முறை பார்த்தபோது, அண்ணே, அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பித்தேன். சட்டென்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"சொல்லிடாதப்பா. நான் படிக்கத்தான் போறேன்."